கொடியிறங்குமுன் ஒரு பூனை

"அம்மனுக்குக் கொடி இறங்கட்டும், சவுந்தரி. அடுத்தநாள் விடியவே மீன் வாங்கி, புகையிலைக்கு அடிக்கிற மருந்தைத் தடவி வைக்காட்டில் நான் அம்பலவாணரில்லை."

கிணற்றடியில் வாளியை வைத்தபடி இவ்வாறு சொன்னவர் ஞானசவுந்தரியின் கணவனுக்குத் தமையனார். கணவனுக்குக் கொழும்பில் உத்தியோகம். புளியங்கூடலில் ஒரே வளவுக்குள் இரண்டு குடும்பங்களும் இருந்தன. அவருடைய கோழிக்குஞ்சுகளில் ஒன்பதைக் கொண்டுபோன கட்டாக்காலிப் பூனைக்கே இந்தத் தீர்ப்பு. தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டதற்குக் காரணம் இரக்கமன்று. நயினாதீவு அம்மன் கோயிலில் கொடியேறினால், அது இறங்கும்வரை பதினைந்து நாளும் அந்த வளவுக்குள் மீன் வருவதில்லை. நஞ்சு தடவுவதற்குக்கூட வராது.

அன்று திருவிழாவின் பன்னிரண்டாம் நாள்.

ஞானசவுந்தரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பங்குனி தொடங்கி, பொழுதுபடுகிற வேளைகளில் மீன்தலையை வைத்து, நாளுக்கு ஒரு விரற்கடையாக அந்தச் சாம்பல்நிறப் பூனையைக் கைக்கெட்டுந் தூரத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். கடற்கரையில் மீன் விற்கும் ஜசிந்தா அதனைத் தனக்குத் தரும்படி கேட்டுமிருந்தாள்; அவளுடைய கொட்டிலில் எலிகள் வலைகளை அரித்துக்கொண்டிருந்தன. ஆனால், பூனை கைக்கு வருமுன்னரே கொடியேறிவிட்டது. மீன்தலைக்குப் பதிலாகப் பாற்சோறு வைத்தாள். பூனை அதனை மோந்து, அவள் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனதுதான். இடையில் ஒருநாள் கிணற்றுக்கட்டில் தூரத்தே கண்டபோது, பருத்திருந்த வயிறு ஒட்டிப்போயிருந்தது. மீனில்லாமல் வாடிவிட்டதென்று வருந்தினாள்.

பதினான்காம் நாள் தேர். விடியுமுன்பே அம்பலவாணர் வீட்டார் குறிகட்டுவான் துறையில் வள்ளமேறப் புறப்பட்டனர்.

"நீர் வரேல்லையோ?" என்றார் அம்பலவாணர்.

"தலையிடி, அத்தான்."

"வருசம் முழுக்க வராத தலையிடி தேருக்கெண்டு வந்திருக்கு."

அவர்கள் போனபின் படலையைத் திறப்பதும் சாத்துவதுமாக மூன்றுமுறை நடந்தாள். தேரன்று மீனைத் தொடுவது எத்தகைய குற்றமென்று அவள் அறியாதவளல்லள். கடைசியில், வேலிக்கு வெளியே ஒழுங்கையில் இருந்துகொண்டால் வளவு தப்பும், பாவம் தன்னோடு போகுமென்று தீர்மானித்தாள்.

சொல்லியனுப்பியபடி ஜசிந்தா சாக்கோடும் சூடைமீனோடும் வந்தாள்.

"நான் அங்காலை திரும்பி நிக்கிறன், அக்கா. உங்கட அம்மன் விசாரிச்சா, நான் ஒண்டும் காணேல்லை."

மீன்மணம் எழுந்த சற்று நேரத்தில் பூனை வேலிப்பொட்டால் நுழைந்து வந்தது. முதன்முறையாக அவள் கையிலிருந்தே தின்றது. முதுகைத் தடவவும் விட்டது. அந்தக் கையாலேயே கடைசி மீனைச் சாக்குக்குள் வைத்தாள். பூனை உள்ளே போனதும் ஜசிந்தா வாயைச் சுருக்கிக் கட்டினாள். கடற்கரை சேரும்வரை அது கத்திய கத்தலில் ஞானசவுந்தரியின் நடை இரண்டுமுறை இடறிற்று.

வலைக்கொட்டிலின் கதவைச் சாத்தி அவிழ்த்துவிட்டார்கள். பூனை சுவருக்குச் சுவர் பாய்ந்தது, கதவைப் பிறாண்டிற்று. ஜசிந்தா குனிந்து பார்த்தாள்.

"அக்கா, இது குட்டி போட்ட பூனை! பால் கட்டிக் கிடக்கு, பாருங்கோ. பத்து நாள் இருக்கும்."

வயிறு ஒட்டியது பட்டினியாலன்று. கொடியேறிய நாள்முதல் பூனை கிட்ட வராததால், அது குட்டி போட்டதை அவள் அறியவில்லை.

"குட்டியள் எங்கை கிடக்கு?" என்று கேட்டாள் ஜசிந்தா.

"எனக்கென்ன தெரியும்? இவ்வளவு பெரிய வளவு. அத்தானாக்கள் பொழுதுபட வந்திடுவினம்."

"அப்ப தாயைத்தான் கொண்டுபோய் விடவேணும். அது காட்டும்."

"விட்டால் இனி என்ர கைக்கு வராது, ஜசிந்தா."

ஜசிந்தா சாக்கை நீட்டினாள். பழைய வலைத்துண்டைப் போர்த்துப் பிடிக்கையில் ஞானசவுந்தரியின் முழங்கையில் மூன்று கீறல்கள் விழுந்தன.

திரும்ப வளவுக்குக் கொண்டுவந்து படலைக்குள் அவிழ்த்துவிட்டதும் பூனை ஒரே ஓட்டமாக அம்பலவாணரின் பின்கொட்டிலுக்குள் புகுந்தது. விரதம் முடியும்வரை ஒதுக்கிவைத்த மீன்சட்டிகள் அங்கே மூலையில் அடுக்கியிருந்தன. கொடியிறங்கும்வரை எவரும் கிட்டப் போகாத இடம். பெரிய சட்டியொன்றினுள், கண் பாதி திறந்த மூன்று குட்டிகள். அவளைக் கண்டதும் தாய் சீறிக்கொண்டு கூரைவளையில் ஏறிற்று. அவள் குட்டிகளைப் பனையோலைக் கடகத்தில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, சனநெரிசல் தாங்காது முதல் வள்ளத்திலேயே திரும்பிவிட்ட அம்பலவாணர் படலையில் நின்றார்.

"இதென்ன மணம்?"

"சூடைமீன், அத்தான்."

"தேரண்டைக்கு! வளவுக்குள்ளையோ?"

"மீன் ஒழுங்கையோடை நிண்டிட்டுது. கை மட்டுந்தான் உள்ளை வந்தது."

அவர் கடகத்தை எட்டிப் பார்த்தார்.

"குட்டியளைக் கொண்டுபோறீர். தாய் இஞ்சை நிக்குமெல்லோ? நாளையிண்டைக்கு வைக்கிற மருந்து வைக்கிறதுதான்."

"தாயும் வரும்."

"உம்மட்டைச் சொன்னதோ?"

அவள் ஒழுங்கையில் இறங்கினாள். கடகத்துள் குட்டிகள் கத்தின. திரும்பிப் பார்த்தால் பூனை ஓடிவிடும். ஆதலால், ஒழுங்கையில் காத்துநின்ற ஜசிந்தா அவளுக்கு முன்னே பின்புறமாக நடந்து, கண்டதைச் சொல்லிவந்தாள்.

"வேலிக்கு மேலை நிக்குது... இறங்கிட்டுது. திரும்பாதேங்கோ, அக்கா."

பெருந்தெருவில் பஸ் வண்டியொன்று இரைந்துகொண்டு கடந்தது.

"காணேல்லை."

ஞானசவுந்தரி தெருவோரப் புழுதியில் அப்படியே இருந்துவிட்டாள். தாய்க்குக் கேட்கட்டுமென்று சிறிய குட்டியைக் கையிலெடுக்க, அது வீறிட்டது. கழுத்தைத் திருப்பாதிருக்கப் பல்லைக் கடித்தாள்.

"நாயுண்ணிப் பற்றைக்குள்ளாலை எட்டிப் பாக்குது," என்றாள் ஜசிந்தா மெல்ல. "எழும்புங்கோ. ஆறுதலா நடவுங்கோ."

கொட்டிலுக்குள் கடகத்தை வைத்துவிட்டு இருவரும் தள்ளி நின்றனர். வெகுநேரத்துக்குப் பின் சாம்பல் நிறமொன்று வாசலைக் கடந்து உள்ளே போயிற்று. ஜசிந்தா கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"வந்து எட்டிப் பாருங்கோ, அக்கா."

கதவிடுக்கில் அவளுடைய நிழல் விழுந்தவுடனே உள்ளேயிருந்து சீறல் எழுந்தது. பின்வாங்கினாள்.

"எனக்கும் சீறும். நான் வலைக்காரி, பொறுப்பன். உங்களுக்கு நேரமாகுது, போய்த் தலைமுழுகித் தோயுங்கோ."

"ஓம்," என்றாள் ஞானசவுந்தரி. உள்ளே குட்டிகளின் கத்தல் ஒவ்வொன்றாக அடங்கிப் பால் உறிஞ்சும் ஓசை கேட்கத் தொடங்கிற்று. மூன்றாவது குட்டியும் அடங்கட்டுமென்று, போகாமல் அங்கேயே நின்றாள்.