றொஷினியை எடுக்க வந்தவர்கள்

அமெரிக்காவிலிருந்து கூடைப்பந்துப் பயிற்சியாளர் வரப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து மொன்ட்ரியாலின் லாசாலில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. யோசெப் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு வந்து மின்குமிழ்களை மாற்றினார். மகள் றொஷினி கதிரைகளை மூன்று தரம் இடம் மாற்றிப் போட்டாள். மனைவி செலீன் மட்டும் வழக்கம்போல வேலைக்குப் போய், நாலு மணிக்குத் திரும்பி வந்து மீன் றோல்ஸ் பொரித்தாள்.

செலீன் மொழிபெயர்ப்பாளர். பதினாறு வருடமாக ஆஸ்பத்திரிகளிலும் அகதி விசாரணைகளிலும் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவே உட்கார்ந்து மற்றவர்களுடைய வார்த்தைகளைச் சொல்லி வருகிறாள். ஒரு சொல் பிசகினால் ஒரு குடும்பத்தையே விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அதனால் எந்தச் சொல்லையும் சும்மா போக விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

றொஷினிக்குப் பத்தொன்பது வயது, ஐந்தடி நாலு அங்குலம். செஜெப் என்கிற, பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட இரண்டு வருடக் கல்லூரியில் கூடைப்பந்து ஆடினாள். பந்தை முன்னே கொண்டுபோய், யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கிறவள் அவள்தான். எந்தப் பக்கம் பார்க்கிறாளோ அந்தப் பக்கம் பந்து போகாது. அந்த வித்தையை அவள் தானே படம்பிடித்து இன்ஸ்டகிராமில் போட, நாற்பதாயிரம் பேர் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

வந்தவருடைய பெயர் ஹால்ட்டன். ஒஹாயோவில் ஒரு பல்கலைக்கழக அணியின் துணைப் பயிற்சியாளர். றோல்ஸை ரசித்துச் சாப்பிட்டார். பிறகு பல்கலைக்கழகத்தின் கடிதத்தை மேசையில் வைத்து, டாப்லெட்டைத் திறந்து படங்களைக் காட்டினார். சப்பாத்து விளம்பரத்தில் ஒரு பெண், குளிர்பான விளம்பரத்தில் ஒரு பெண், புதுக் கார் ஒன்றின் முன்னால் சாவியைத் தூக்கிப் பிடித்தபடி இன்னொருத்தி. முன்பெல்லாம் மாணவ வீரர்கள் ஒரு சதம்கூட உழைக்கக் கூடாது, இப்போது தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து உழைக்கலாம் என்றார். படிப்புச் செலவில் பாதிக்குப் புலமைப்பரிசில். மீதிப் பாதியை விளம்பரமே பார்த்துக்கொள்ளும். முதல் வருடத்திலேயே நாற்பதாயிரம் டொலர் வரை போகக்கூடும்.

யோசெப்புக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. செலீன் அவருக்காகத் தமிழில் சொல்லத் தொடங்கினாள்.

"முதல் வருசத்திலயே நாற்பதாயிரம்..." என்றவள் அப்படியே நின்றாள்.

தருவினமோ, தரலாமோ, கிடைக்குமோ, கிடைச்சாலும் கிடைக்குமோ? ஆங்கிலத்தில் அந்த மனிதர் வழுக்கிக்கொண்டு போன இடத்தில், தமிழில் ஏதோ ஒரு வினைச்சொல்லைப் பிடித்தே ஆகவேண்டியிருந்தது.

"...கிடைச்சாலும் கிடைக்குமாம்," என்று முடித்தாள்.

யோசெப் தாடையைச் சொறிந்தார். "ஆர் குடுக்கிறது?"

செலீன் அதை ஆங்கிலத்தில் கேட்டாள். கம்பனிகள், பழைய மாணவர்கள், அபிமானிகள் என்றார் ஹால்ட்டன்.

"அது இந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறதா?" என்றாள் செலீன்.

"அவை வெளியாட்களுடைய ஒப்பந்தங்கள். கடிதத்தில் வராது."

"என் மகள் கனடாக்காரி. மாணவர் விசாவில் வருகிறவள் அங்கே விளம்பரத்தில் நடித்து உழைக்க முடியுமா?"

ஹால்ட்டன் சிரித்தார். அதையெல்லாம் பார்க்கத் தனி அலுவலகமே இருக்கிறது, வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஏதோ ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள் என்றார்.

"எந்த வழி?" என்று கேட்டாள் செலீன்.

அவர் போனதும் றொஷினி வெடித்தாள். "அம்மா, இது உங்கட ட்ரிபியூனல் இல்லை! அந்தாளை அகதிக் கேஸ் மாதிரி நிப்பாட்டி வைச்சுக் கேள்வி கேட்டிட்டீங்கள். எனக்கு வெக்கமா இருக்கு."

"பிள்ளை, பாதிக் காசுக்கு என்ன செய்யிறது எண்டுதான்..."

"உங்களுக்கு நான் போறது விருப்பமில்லை. அதைச் சொல்லுங்கோ!"

கதவு அறைந்து சாத்தப்பட்டது. நாலு நாள் தாயும் மகளும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை, செலீன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்க, றொஷினி வந்து தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

"நான் அந்த ஒஃபிசுக்கு எழுதிக் கேட்டனான்," என்றாள். "வாசியுங்கோ."

பதில் நேர்மையாகத்தான் இருந்தது. மாணவர் விசாவில் இருக்கும்வரை அமெரிக்க மண்ணில் சம்பளத்துக்கு விளம்பரம் செய்ய முடியாது. கீழே ஹால்ட்டனின் செய்தி தனியாக இருந்தது: அந்த இடத்தை இன்னொரு பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வருகிற இருபத்திரண்டு வயதுக்காரிக்குக் கொடுத்துவிட்டார்கள். காசு புழங்கத் தொடங்கிய பிறகு, முதிராத பிள்ளையை எடுத்து வளர்க்க யாருக்கும் பொறுமையில்லை. வந்த அன்றே வெல்லக்கூடியவள்தான் வேண்டும்.

றொஷினி அன்று முழுவதும் அழுதாள். 'நான் சொன்னேனே' என்று செலீன் வாய் திறக்கவில்லை. தன் வாய்தான் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்ததோ என்று அவளுக்கு உள்ளுக்குள் உதைத்துக்கொண்டிருந்தது.

"நீ இஞ்ச கேட்டது நல்லது," என்றார் யோசெப் அவளிடம். "இல்லாட்டி செப்டெம்பரில அங்க போய் நிண்டெல்லோ கேட்டிருப்பம்."

அடுத்த கிழமை மிர்லாந்த் வந்தாள். மொன்ட்ரியாலிலேயே ஒரு பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளர், ஹெயிட்டிப் பெண். இரண்டு வருடமாக றொஷினியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவள். டாப்லெட் கொண்டுவரவில்லை. ஒரே ஒரு தாள்.

"படிப்புக் கட்டணம் முழுவதும் எங்களுடையது," என்றாள் பிரெஞ்சில். "ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐவரில் இடம் தருவேன் என்று சொல்லமாட்டேன். அதை நீ பறிக்கவேண்டும். இந்த ஊரில் உன் பெயரால் நீ என்ன உழைத்தாலும் அது உன்னுடையது. நீ பிறந்த ஊர். விசா கேட்க ஆளில்லை."

றொஷினி தாளை வாசித்தாள். பிறகு அதைத் தாயிடம் நீட்டினாள். செலீனின் விரல் ஒரு சொல்லில் நின்றது. ஒவ்வொரு வருடமும் 'புதுப்பிக்கப்படலாம்' என்றிருந்தது.

"காயப்பட்டு ஆட முடியாமல் போனால்?"

"இதுவரை எந்தத் தாயும் இதைக் கேட்டதில்லை," என்றாள் மிர்லாந்த். மூன்றாம் நாள், காயப்பட்டாலும் புதுப்பிக்கப்படும் என்ற வரியோடு பல்கலைக்கழக முத்திரை குத்திய புதுத் தாள் வந்தது. றொஷினி கையெழுத்து வைத்தாள்.

கோடையில் ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் உருத்திரமூர்த்தி ஆள் அனுப்பினார். கடைக்குள் உட்காரவைத்து நெக்டோ சோடா கொடுத்தார்.

"பிள்ளையின்ர படத்தைச் சாமான் ஏத்திற என்ர டெலிவரி வான்களில ஒட்டப்போறன். எங்கட பிள்ளைதானே. மாசம் ஒரு மூட்டை அரிசி தாறன்."

செலீன் வாய் திறக்குமுன் றொஷினி முந்திக்கொண்டாள். "அங்கிள், எத்தினை வான் ஓடுது?"

"ஆறு."

"எந்தெந்தப் பக்கம்?"

"லவால், மொன்ட்ரியால்-நோர், எல்லா இடமும்தான்."

"அரிசியை நாங்கள் காசுக்கு வாங்கிறம், அங்கிள். நீங்கள் என்ர முகத்தைக் காசுக்கு வாங்குங்கோ. ஒரு வருசம், ஆறு வான், பன்னிரண்டாயிரம். எழுத்தில."

உருத்திரமூர்த்தி செலீனைப் பார்த்தார். செலீன் சோடாவைக் குடித்தாள். அவர் எட்டுக்கு வந்தார், றொஷினி பதினொன்றுக்கு இறங்கினாள், பத்தில் கை கொடுத்தார்கள். வீடு வரும்வரை மெட்ரோவில் தாயும் மகளும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

ஒரு கையில் பந்தையும் மறுகையில் பலாப்பழத்தையும் இடுக்கிக்கொண்டு றொஷினி சிரிக்கிற படம் ஒக்டோபர் முழுக்க நகரமெங்கும் ஓடியது. தமிழரல்லாதவர்கள்கூட வானை மறித்துப் படமெடுத்தார்கள். கடையில் கூட்டம் கூடியது. அதைப் பார்த்துச் சப்பாத்துக் கடை ஒன்றும் பல் வைத்தியர் ஒருவரும் தேடி வந்தார்கள்.

தேடி வந்தவர்களில் வித்லீனும் ஒருத்தி. மொன்ட்ரியால்-நோரில் ஒரு செஜெப் அணியின் ஆறடி ஓரங்குலப் பிள்ளை. சிவப்பு விளக்கில் நின்ற வானில் றொஷினியைக் கண்டு, இன்ஸ்டகிராமில் எழுதிக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயோடு லாசாலுக்கு வந்துவிட்டாள். பையில் மூன்று அமெரிக்கக் கடிதங்கள். செலீன் அவற்றை வித்லீனின் தாய்க்குப் பிரெஞ்சில் சொல்லுச் சொல்லாக வாசித்தாள். எது வாக்குறுதி, எது வெறும் ஆசைகாட்டல் என்று பென்சிலால் கோடிட்டாள்.

"இந்த ஒன்று உண்மையான கடிதம்," என்றாள் மூன்றாவதைக் காட்டி. "முழுப் புலமைப்பரிசில். நல்ல இடம். போவதென்றால் இங்கே போகலாம்."

வித்லீன் இரண்டு கிழமை யோசித்தாள். பிறகு மிர்லாந்துக்குத் தொலைபேசி எடுத்தாள்.

அந்தப் பனிக்காலத்தில் இன்னும் நாலு பிள்ளைகள் தங்கள் கடிதங்களோடு வந்தார்கள். ஒருத்தி அமெரிக்காவையே தேர்ந்தாள், முழுச் செலவும் எழுத்தில் வாங்கிக்கொண்டு. மற்ற மூவரும் ஊரில் நிற்க முடிவெடுத்தார்கள். "இருபது வருடமாக நல்ல பிள்ளைகளை விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தேன்," என்று மிர்லாந்த் செலீனிடம் சொன்னாள்.

மார்ச்சில் கியூபெக் பல்கலைக்கழகங்களின் இறுதிப் போட்டி. மண்டபம் நிரம்பி வழிந்தது. யோசெப்பின் தொழிற்சாலைக்காரர் ஒரு வரிசை முழுக்க. முன்வரிசையில் வித்லீனும் அடுத்த வருடம் வரப்போகிற மூன்று பிள்ளைகளும், தங்கள் குடும்பங்களோடும் மேளங்களோடும். நாலு விநாடிகள் இருக்க, அறுபதுக்கு ஐம்பத்தொன்பது; ஒரு புள்ளி பின்னுக்கு. பந்து றொஷினியின் கையில்.

அவள் கொடுப்பாள் என்பது எல்லாருக்கும் தெரியும். வருடம் முழுக்கக் கொடுத்தவள். வலது பக்கம் நின்ற நெட்டையான தோழியைப் பார்த்தாள். பார்க்காத பக்கம்தான் பந்து போகும் என்று எதிரணி இடப்பக்கம் பாய்ந்தது. றொஷினி யாருக்கும் கொடுக்கவில்லை. திறந்த நடுவழியில் இரண்டு எட்டு வைத்து எழும்பினாள். பந்து பலகையில் பட்டு, வளையத்தைத் தொடாமல் வலைக்குள் விழுந்தது.

சங்கு ஊதியது. அறுபத்தொன்று, அறுபது.

மண்டபமே இடிந்து விழுவதுபோல் ஆர்ப்பரித்தது. யோசெப் ஹெயிட்டி மேளக்காரரின் நடுவில் போய் நின்று ஆடினார். அப்படி அவர் ஆடுவார் என்று செலீனுக்கே தெரியாது. வென்றவர்கள் வளையத்து வலையை வெட்டி எடுப்பது வழக்கம்; அதற்கு ஏணி கொண்டு வருமுன்னரே வித்லீன் தடுப்பைத் தாண்டிக் குதித்து, றொஷினியைத் தோளில் தூக்கிக்கொண்டாள். றொஷினி கத்தரிக்கோலால் கடைசி முடிச்சை வெட்டி, வலையைத் தலைக்கு மேலே சுழற்றினாள்.

செலீனுக்குக் குரல் எப்போதோ கம்மிப் போயிருந்தது. இருந்தும் கதிரையில் ஏறி நின்று, மகளின் பெயரைச் சொல்லி இன்னொரு தரம் கத்தினாள்.