மாதுளைக்கு ஐந்து லிட்டர்

எங்கள் நினைவுத் தோட்டத்தில் நூற்றுப் பன்னிரண்டு மரங்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் போன பிறகு வீட்டார் வந்து நட்டது. நட்டு, அழுது, போய்விடுவார்கள். அதன் பிறகு களை, பூச்சி எல்லாம் தோட்டக்காரியான என் தலையில். வராதவர்களின் மரம் நன்றாகவே வளரும். வருகிறவர்களிடம்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஒருவர் தம்பியின் ஹெல்மெட்டைக் கிளையில் மாட்டினார், கிளை முறிந்தது. இன்னொருத்தி கணவரின் மரத்தடியில் காபி ஊற்றினாள். காபி அவருக்கு, எறும்புக்கடி எனக்கு.

தையல்கார அக்கா தினமும் வந்தாள், கடை திறக்கும் முன், ஐந்து லிட்டர் கேனோடு. மகனுக்காக நட்ட மாதுளை அவளுடையது. நான் காலையில் விடும் தண்ணீரே அதற்குப் போதும். வேரில் தண்ணீர் நின்றால் மாதுளைக்கு ஆகாது. "இப்பத்தான் தண்ணி விட்டேன்க்கா" என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டிவிட்டு ஊற்றினாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஒரு மாதத்தில் இலை மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, அவள் இரண்டு கேன் கொண்டுவர ஆரம்பித்தாள். நான் ஓரமாகத் தோண்டிப் பார்த்தேன். பாதி வேர் கறுத்து அழுகல் வாடை அடித்தது. இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் மரம் பிழைக்காது.

மறுநாள் அவளை வழிமறித்தேன். கோபம் வந்தால் என் வாய் நிற்காது.

"அக்கா, இனிமே ஒரு சொட்டுகூட ஊத்தக் கூடாது. உங்க தண்ணிதான் இதைக் கொல்லுது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது.

அவள் கேன்களைக் கீழே வைக்கவில்லை. "டாக்டரும் இப்படித்தாம்மா சொன்னார்" என்றாள். "பையனுக்கு வயித்துல ஆபரேஷன். ஒரு சொட்டு உள்ள போகக் கூடாதுன்னார். பஞ்சை நனைச்சு உதட்டுல வைக்கச் சொன்னாங்க. ரெண்டு நாளா 'தண்ணி குடும்மா, தண்ணி குடும்மா'ன்னு கேட்டான். நான் டாக்டர் பேச்சைக் கேட்டேன். குடுக்கவே இல்ல. மூணாம் நாள் போயிட்டான்."

இவளிடம் இன்னொரு முறை 'கொடுக்காதே' என்று சொல்ல நான் யார்? சொல்லாமல் விட்டால் இந்த மரமும் போய்விடும். அப்புறம் இவளை யார் தேற்றுவது?

கேன்களை வாங்கிக் கீழே வைத்தேன். அவளை உட்காரவைத்து, ஊசி குத்திக் காய்த்துப்போன அந்த விரல்களைப் பிடித்து, மரத்தடி மண்ணுக்குள் மணிக்கட்டு வரை அழுத்தினேன்.

"என் பேச்சைக் கேக்க வேணாம். நீங்களே பாருங்க. அவனுக்குத் தாகமா இருக்கா?"

அவள் கையை எடுக்கவில்லை. காய்ச்சல் விட்டதா என்று பிள்ளையின் நெற்றியைத் தடவுவதுபோல விரல்கள் மண்ணுக்குள் மெல்ல அசைந்தன.

"இல்ல" என்றாள் கடைசியில். "வயிறு நிறையக் குடிச்சிருக்கான்."

பிறகுதான் அழுதாள்.