சத்தமில்லாத மோட்டார்

"கையை எடு மச்சான்!"

கத்திக்கொண்டே கதிர்வேல் மெயின் சுவிட்சை நோக்கிப் பாய்ந்தான்.

மெஷின் மேசையின் மேல் மெதுவாக ஊர்ந்து போக வேண்டிய அலுமினியப் பாலம், சொன்ன பேச்சைக் கேட்காமல் அருள்முருகனின் கையை நோக்கிப் பேய் பிடித்தாற்போல் ஓடியது. அவன் கையை உருவிக்கொண்ட அதே கணம்...

டமார்!

மேசை முனையில் தடுப்பாக இருந்த கோடிக் கட்டையில் மோதி நின்றது பாலம். நின்ற பிறகும் தள்ளிக்கொண்டே இருந்தது. கதிர்வேல் சுவிட்சை அணைத்த பிறகுதான் அடங்கியது.

இடையில் கிடந்த இரும்பு ஸ்கேலை அருள்முருகன் இழுத்து எடுத்தான். அது வில்லாக வளைந்திருந்தது.

"மாமா, என் விரல் இருந்த எடம் இது."

கதிர்வேல் கடிகாரத்தைப் பார்த்தான். சுவரில் மணி ஒன்பதரை. மூன்று மணிக்குள் இந்த மெஷின் சிதம்பரத்தில் ஓடிக் காட்ட வேண்டும். நாலு மணிக்கு அங்கே கரண்ட் போய்விடும்.

செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீஷியன் அவன். கடலூர் பழைய டவுனான ஓ.டி.யில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் இரண்டு வருஷமாக வார லீவு எல்லாவற்றையும் கொட்டி, இந்த சி.என்.சி. மெஷினைக் கட்டியிருந்தான். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் பலகையில் அப்படியே செதுக்கும். இன்றைக்கு 2010 ஆகஸ்ட் மாதத்தின் கடைசி ஞாயிறு. அவன் மனைவி மாலதி கொடுத்த கெடுவும் இன்றைக்குத்தான். ஒருத்தராவது இந்த மெஷின் வேண்டும் என்று சொல்லாவிட்டால், ஷெட்டில் அவளுடைய தையல் மெஷின்கள் ஏறும்.

கேட்டவர் ஒரே ஒருத்தர். சிதம்பரத்தில் பூகோள வாத்தியார் தேவசகாயம். பலகையில் மேப் செதுக்கப் போகிறாராம். மாலதியின் தம்பி அருள்முருகன் அங்கே பாலிடெக்னிக் லேபில் வேலை பார்ப்பவன். அவன் குடியிருக்கும் அறைக்கு எதிர் வீடுதான் அவருக்கு. அப்படி வந்த தொடர்பு.

கதிர்வேல் மெஷினுக்கு அடியில் டார்ச் அடித்தான்.

"எலி! என்கோடர் ஒயரைக் கடிச்சு வெச்சிருக்கு."

சர்வோ மோட்டாருக்கு அந்த ஒயர்தான் கண்காணி. எவ்வளவு சுற்றினோம் என்று அதுதான் சொல்லும். அது அறுந்தால், இன்னும் போய்ச் சேரவில்லை என்று நினைத்துக்கொண்டு மோட்டார் முழு பலத்தோடு ஓடும்.

"ஸ்டெப்பர் மோட்டார மாட்டிடலாம் மாமா. பெட்டியில ரெடியா இருக்குது. அதுக்கு இந்த ஒயரே இல்ல. தடுத்தா உறுமிக்கிட்டு நின்னுடும்."

"நிக்கும். நின்னத வாயத் தொறந்து சொல்லுமா? ரெண்டு ஸ்டெப்பு தவறிப்போயி, ஒண்ணும் நடக்காத மாதிரி மேல போய்க்கிட்டே இருக்கும். மேப்புல கொள்ளிடம் பாண்டிச்சேரிக்குப் போயிடும்டா!"

"சர்வோ போனா கையே போயிடும்."

"ஓடுற மெஷினுக்குள்ள எவன்டா கைய வுடுவான்?"

அருள்முருகன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

கதிர்வேலுக்கு சர்வோ மேல் தனிப் பாசம். சென்னையில் பழைய அச்சு மெஷினிலிருந்து கழற்றி வந்த மோட்டார்கள். வழுக்கிக்கொண்டு போகும், மூச்சு விடுகிற சத்தம்கூட இருக்காது. போன வாரம் வாத்தியாரிடம் போனில் அதைத்தான் பெருமையடித்திருந்தான். "ஓ... சத்தமே வராதா தம்பி?" என்று அவர் குரல் ஏன் அப்படி இறங்கிப் போனது என்பது மட்டும் அவனுக்குப் புரியவில்லை.

ஒயரை ஒட்டுப் போட்டு, டேப் சுற்றி நிமிர்ந்தான்.

"முடிஞ்சுது. வண்டிய வரச் சொல்லு."

அருள்முருகன் நகரவில்லை. நேராக வந்து பாலத்துக்கும் கோடிக் கட்டைக்கும் நடுவில் வலது கையை நீட்டி வைத்தான்.

"இப்ப ஓட்டு மாமா."

"லூசாடா நீ?"

"நீதான் ஒட்டுப் போட்டுட்டியே. நம்பிக்கை இருந்தா ஓட்டு. இல்லன்னா ஸ்டெப்பர எடு."

கதிர்வேலின் விரல் என்டர் பட்டன் மேல் நின்றது. நெற்றி வியர்வை கீபோர்டில் சொட்டியது. ஐந்து நொடி. பத்து நொடி. அந்தக் கை அசையவில்லை.

விரலை எடுத்துக்கொண்டான்.

"ஸ்பேனரக் குடு. உங்க அக்காவுக்குக் கொஞ்சமும் கொறஞ்சவன் இல்லடா நீ."

மூன்று மோட்டார்களையும் மாற்றி, குட்டி யானை லோடு வண்டியில் ஏற்றிச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். கதவைத் திறந்தது வாத்தியாரின் மனைவி சவரியம்மாள். முன்னறையில் ஜன்னல் சாத்தி, லைட் போடாமல் இருந்தது. கதிர்வேல்தான் சுவிட்சைத் தேடிப் போட்டான். தேவசகாயம் மேசை ஓரமாக, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஓட்டுங்க தம்பி."

செதுக்கும் உளிக்குப் பதில் ஒரு முள்ளை மாட்டி வெறும் ஓட்டம். பலகையில் பென்சிலால் ஒரு கூட்டல் குறி போட்டு, அதன்மேல் முள்ளை நிறுத்தி என்டரைத் தட்டினான். கடலூரிலிருந்து கொள்ளிட முகத்துவாரம் வரைக்கும் கடற்கரைக் கோடு. ஸ்டெப்பர்கள் விர்ரென்று ராகம் இழுத்தன. கதிர்வேலுக்கு மானம் போயிற்று. ஆனால் வாத்தியாரின் முகம் மலர்ந்தது.

திடீரென்று கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. இப்ப ஒண்ணு வழுக்குச்சு."

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே சார்?"

"சுருதி விட்டுப் போச்சு. பாருங்க."

முள்ளைக் கூட்டல் குறிக்குத் திருப்பினான். இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நின்றது. கதிர்வேல் அவரை நிமிர்ந்து பார்த்தான். கம்ப்யூட்டருக்கே தெரியாத தவறு இவருக்கு எப்படித் தெரிந்தது? தப்பு அவனுடையதுதான். வீம்புக்கு சர்வோ வேகத்தையே விட்டு வைத்திருந்தான். பாதியாகக் குறைத்து மறுபடி ஓட்டினான். இந்த முறை முள் குறியின் நடுவிலேயே வந்து நின்றது.

"இன்னொரு வாட்டி," என்றார் தேவசகாயம்.

பாலம் கிளம்பியது. அவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். கோடிக் கட்டைக்குப் பக்கத்தில் நின்றார். பாலம் வருகிற வழியில் நிதானமாகக் கையை நீட்டி வைத்தார்.

"சார்! கைய எடுங்க!"

அவர் எடுக்கவில்லை. மெஷினின் பிளக் சுவிட்ச் எதிர்ச் சுவரில் இருந்தது. கதிர்வேல் பாய்ந்தான், நாற்காலி இடறியது. அருள்முருகன் உறைந்து நின்றான். பாலம் அவர் மணிக்கட்டைத் தொட்டது.

கர்ர்ர்ர்...

உறுமியது. ஓர் அங்குலம்கூட மேலே போகாமல் அப்படியே நின்றது.

கதிர்வேல் சுவிட்சை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான். தேவசகாயம் கையை உருவி உதறிக்கொண்டார். சிராய்ப்புகூட இல்லை.

"தடுத்தா நின்னுடும்னு அருளு சொன்னான். சரி பாத்துக்கிட்டேன். இதே மெஷின் போதும் தம்பி. இங்கயே விட்டுட்டுப் போங்க."

ஷெட் பிழைத்தது. ஆனால் கதிர்வேலுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. பையிலிருந்து வளைந்த ஸ்கேலை உருவி அவர் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இதப் பாருங்க சார். காலையில வேற மோட்டார் இருந்துச்சு. அதுல நீங்க இப்படிக் கைய வெச்சிருந்தா..."

அவர் கை ஸ்கேலை வாங்க நீண்டது. ஆனால் ஸ்கேலிடம் வரவில்லை. ஒரு சாண் தள்ளி, காற்றில் துழாவியது.

கதிர்வேல் அவர் கண்களை உற்றுப் பார்த்தான்.

அருள்முருகன் அந்தக் கையைப் பிடித்து ஸ்கேலின் மேல் வைத்தான். விரல்கள் இரும்பின் வளைவை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் மெல்லத் தடவிப் பார்த்தன.

"ஏழு வயசுல அம்மை போட்டு ரெண்டு கண்ணும் போச்சு தம்பி," என்றார் தேவசகாயம். "தடவிப் படிக்கிற மேப்பு செதுக்க மெஷின் வேணும்னு போனா, கண்ணு இல்லன்னு சொன்னதும் முன்னாடி ரெண்டு பட்டறைக்காரங்க கதவச் சாத்திட்டாங்க. அதான், மெஷின் என் வூட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் உங்ககிட்ட சொல்லவேணாம்னு அருளுகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்."