மச்சான் பிடிக்கும் கயிறு

என் வாய்தான் எனக்குச் சத்துரு என்று அம்மா சொல்லுவாள். அன்றைக்கு வாயை முந்திக்கொண்டு கை போய்விட்டது.

இரண்டாம் உலக யுத்த காலம். முத்துக்குளிப்பு நின்று பதினைந்து வருசத்துக்கு மேலாகியிருந்தது. எங்கள் கரைக்குச் சங்குக் குளிதான் சோறு போட்டது. என் புருசன் இனிகோ குளியாள். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கல்லில் கால் வைத்து, மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்குவார். தோணியில் நின்று கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பவன் என் அண்ணன் வில்பிரட். கீழிருந்து ஒரு சுண்டு வந்தால் உடனே இழுத்துவிட வேண்டும். எங்களில் அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். சொந்தத் தம்பியிடம்கூடக் கொடுக்க மாட்டார்கள். தம்பி என்றால் சொத்துக்குப் பங்காளி. மச்சான் அப்படியில்லை, தங்கச்சி தாலி அறுந்தால் அவன் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பாள். எங்கள் முன்னோர் லேசுப்பட்டவர்கள் இல்லை, பாசத்தை மட்டும் நம்பி ஆளைக் கடலில் இறக்கவில்லை.

அன்று சாயங்காலம் மன்னாரிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. நான்தான் பிரித்துப் படித்தேன். ‘என் தங்கச்சி காய்ச்சலில் போய்விட்டாள். உங்கள் மகளுக்கு நாலு வயசு. அடுத்த தோணியில் அனுப்பட்டுமா?’

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருசம். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

“ஒன்னக் கெட்டுததுக்கு முன்னாடி நடந்ததுளா. சொல்லப் பயந்துட்டேன்,” என்றார் இனிகோ, தரையைப் பார்த்துக்கொண்டு.

நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். தாலியைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

“இனி அவரு எனக்குப் புருசனும் இல்ல, ஒனக்கு மச்சானும் இல்ல.”

வில்பிரட் பேசாத ஆள். தாலியை மடியில் முடிந்துகொண்டு எழுந்து வெளியே போனான். மதினி பிளாரன்ஸ்தான், “வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு பேசுதா இவ,” என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அங்கேயே படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தால் அண்ணன் பாய் காலியாகக் கிடந்தது.

“தாலி எங்க மதினி?”

“அவரு மடியிலதான் இருக்கு. தோணிக்குப் போயிட்டாரு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்றைக்கும் கயிறு அவன் கையில்தான். எதை நம்பி அந்தக் கையில் கயிற்றைக் கொடுத்தார்களோ, அதை நானே கழற்றி அதே கையில் வைத்திருக்கிறேன். தலைவிரிகோலமாகக் கரைக்கு ஓடினேன். கரைக்காற்றில் தோணிகள் போய் நேரமாகியிருந்தது.

மணலிலேயே உட்கார்ந்தேன். வந்து போன பெண்கள் என் வெறுங்கழுத்தைப் பார்த்தார்கள். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். மாதாவே, எனக்கு அந்த மனுசன் வேண்டாம், ஆனால் சாகவும் வேண்டாம் என்று வேண்டினேன். வெட்கங்கெட்ட வேண்டுதல்தான்.

உச்சி சாய்ந்து, கடல்காற்றில் பாய்த்தோணிகள் திரும்பின. எங்கள் தோணி கடைசியாக வந்தது. தோணியின் முன்பக்கம், அணியத்தில், அண்ணன் மட்டும் நின்றான். அப்புறம்தான் பின்னாலிருந்து இனிகோ இறங்கினார். மூக்கோரம் ரத்தம் காய்ந்திருந்தது. என்னைப் பார்க்காமல் நடந்து போனார்.

அண்ணன் என் முன்னால் வந்து நின்றான்.

“என்னண்ணே நடந்துச்சு?”

“தாலியக் காட்டினேன். நான் இனி மச்சான் இல்ல, வேற ஆளப் பாருன்னேன். பாத்தாரு. கயித்த என் கையிலயே குடுத்துட்டு எறங்கிட்டாரு.”

“பெறவு?”

“சுண்டினாரு. நான் இழுக்கல.”

மணலிலிருந்து எழுந்துவிட்டேன்.

“ரெண்டாந் தடவ சுண்டினாரு. மூணாவது வரல. அப்பத்தான்ளா என் கை ஓடிச்சு.” உள்ளங்கைகளை விரித்தான். தோல் உரிந்து சிவந்திருந்தது. “மேல வந்து ரத்தமா மூச்சு வாங்கினாரு. ஒரு வார்த்த கேக்கல. மறுபடியும் கயித்த எங்கிட்டயே நீட்டுதாரு.”

மடியை அவிழ்த்துத் தாலியை எடுத்தான்.

“நீ அவருகூட வாழு, வாழாமப் போ. அது ஒம்பாடு. ஆனா நான் கடலுக்குப் போற காலம் வரைக்கும் இத எங்கிட்ட தராத. என் கைய நெனச்சா எனக்கே பயமா இருக்கு.”

அப்பா செத்தபோது அழாத அண்ணன், அத்தனை பேர் நடுவில் நின்று அழுதான்.

அங்கேயே தாலியை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். புருசனோடு சமாதானமாகிவிட்டேன் என்று கரையில் எல்லாரும் நினைத்தார்கள். அவரோடு நான் பேச மூன்று மாதம் ஆயிற்று. அதற்குள் மன்னார்ப் பிள்ளை வந்து என்னை அம்மா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். அன்றைக்கு நான் தாலியைப் போட்டுக்கொண்டது என் அண்ணனுக்காக.