பல்பு இல்லாத விளக்கு

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மாரியப்பன் கடையில் அரைவை மெஷின் நின்றால், பவானிபூரின் அந்தச் சந்து முழுக்கக் காப்பி மணக்கும். டீயைத் தவிர வேறொன்றும் தொடாத வங்காளிகள்கூட நடையைக் கொஞ்சம் தளர்த்தி மூக்கை உயர்த்துவார்கள். சூடு ஆறாத பொடியைக் கால் கிலோ, அரைக் கிலோவாகக் காகிதப் பைகளில் கட்டி, சைக்கிள் கைப்பிடியின் இரண்டு பக்கமும் துணிப்பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு அவன் கிளம்புவான். லேக் மார்க்கெட் வரை சிதறிக் கிடந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அவன் கொடுத்திருந்த வாக்கு ஒன்றுதான்: இன்றைக்கு அரைத்த பொடி இன்றைக்கே வீடு வந்து சேரும். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த பத்து வருஷத்தில் அவன் சம்பாதித்த நல்ல பெயர் முழுவதும் அந்த வாக்கில்தான் இருந்தது.

அது எழுபத்தெட்டாம் வருஷம். அந்த நாளைய கல்கத்தாவில் வாழ்ந்தவர்களைக் கேட்டால், டிராம் மணிக்கு அடுத்தபடி இருட்டைப் பற்றித்தான் சொல்வார்கள். லோட் ஷெட்டிங் என்ற வார்த்தையைக் குழந்தைகள் அம்மா, அப்பாவுக்கு அடுத்ததாகக் கற்றுக்கொண்ட காலம். கரண்ட் போனதும் தெரு மொத்தமும் ஒரு பெருமூச்சு விடும். பிறகு ஜன்னலுக்கு ஜன்னல் அரிக்கேன் விளக்கு ஏறும். எதிர்வீட்டுப் பெண் பாட்டு வாத்தியாருக்கு முன்னால் ஹார்மோனியத்தை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருப்பாள். மார்கழியில் கரியடுப்புப் புகையும் பனியும் சேர்ந்து தெருவில் இறங்கிவிடும், பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. கஷ்டமான நாட்கள்தான். ஆனாலும் இப்போது நினைத்தால் அந்தப் புகைவாசனைக்குக்கூட மனசு ஏங்குகிறது.

இந்த இருட்டில் சைக்கிள் ஓட்டுகிறவன் விளக்கு வைத்திருக்க வேண்டாமா? மாரியப்பன் வைத்திருந்தான். கைப்பிடிக்கு முன்னால் பளபளவென்று வெள்ளி நிறத்தில், கண்ணாடியில் ஒரு கீறல் இல்லாமல் ஒரு விளக்கு. அதற்குள் பல்பு மட்டும் கிடையாது. சக்கரத்தில் உரசி ஓடும் டைனமோவும் கிடையாது. டைனமோ வைத்தால் மிதிப்பது பாரமாகிவிடும், லேக் மார்க்கெட் போய்ச்சேர இன்னும் கால் மணி பிடிக்கும், பொடி ஆறிவிடும் என்பது அவன் வாதம். தெருமுனைக் கான்ஸ்டபிள் விளக்கு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ஏன் எரியவில்லை என்று எப்போதாவது கேட்டால், "இப்பத்தான் பல்பு போச்சு அண்ணே" என்று வங்காளியில் சொல்ல ஒரு வாக்கியத்தை மாரியப்பன் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். அவனுடைய பல்பு மூன்று வருஷமாக 'இப்பத்தான்' போய்க்கொண்டிருந்தது. அவனைப் பார்த்துவிட்டு இன்னும் நாலைந்து பேர் அதே மாதிரி வெறும் விளக்கை வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

டிசம்பர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழு மணி இருக்கும். கரண்ட் போயிருந்தது. பஸ் நிறுத்தத்தைத் தாண்டி வளைவில் திரும்பும்போது, சக்கரத்துக்கு முன்னால் ஏதோ வெளுப்பாக அசைந்தது. பிரேக்கைப் பிடிப்பதற்குள் இடித்துவிட்டான். ஒரு பெண் "ஐயோ, அம்மா" என்று அலறி நடைபாதைக் கல்லின்மேல் விழுந்தாள்.

மாரியப்பன் ஒரு காலை ஊன்றி நின்றான். யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. இந்த ஊரில் கூட்டம் கூடினால் முதலில் அடி, அப்புறம்தான் விசாரணை என்று அவன் நிறையக் கேள்விப்பட்டிருந்தான். விழுந்தவள் அலறியது தமிழில்தான் என்பது அவன் காதில் நன்றாகவே விழுந்திருந்தது. ஆனாலும் பெடலை மிதித்துவிட்டான். இருட்டும் புகையும் அவனை நொடியில் மறைத்துவிட்டன.

மறுநாள் ராத்திரி சோறு போடும்போது அவன் மனைவி பாப்பா விஷயத்தைச் சொன்னாள்.

"நம்ம டெலிபோன் ஆப்பரேட்டரம்மா இருக்காங்கள்ல, பாகீரதியம்மா. நேத்து டூட்டி முடிஞ்சு வரும்போது எந்த எடுபட்ட பயலோ சைக்கிள்ல இடிச்சுப்போட்டு ஓடிட்டானாம். வலது கை மணிக்கட்டு ஒடிஞ்சுபோச்சு. ஒரு பொம்பள விழுந்து கெடக்காளே, நின்னு பாப்போம்னு தோணல பாருங்க. அவனும் ஒரு வீட்ல போயித்தான சோறு தின்னுருப்பான்."

மாரியப்பன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தான். பசி இல்லை என்று எழுந்து கை கழுவினான். பாப்பா அடுத்த நாளிலிருந்து பாகீரதி வீட்டுக்குப் போய் மாவரைத்துக் கொடுத்தாள், காய் நறுக்கிக் கொடுத்தாள். ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து முகம் தெரியாத அந்தச் சைக்கிள்காரனைத் திட்டினாள். அவள் வாயிலிருந்து வந்த சாபம் ஒன்றா இரண்டா? அத்தனையையும் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான் அவள் புருஷன்.

சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் பொடி கொடுக்கும் முறை. தப்பிக்க வழியில்லாமல் போனான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தற்காலிக ஆப்பரேட்டராக இருந்தவள் பாகீரதி. முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. கண்பார்வை மங்கிய தாயாரையும் ஜாம்ஷெட்பூரில் படிக்கிற தம்பியையும் அவள் சம்பளம்தான் காப்பாற்றியது. மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கோ மாரியப்பன். பொடியை அங்கே வெச்சுடுங்கோ."

"கை எப்படிம்மா இருக்கு?"

"கை ஆறு வாரத்துல கூடிடும்னு டாக்டர் சொல்றார். வேலைதான் என்ன ஆகுமோ தெரியலை. ஜனவரில எங்களையெல்லாம் பெர்மனெண்ட் பண்றா. நடுவுல ஆறு வாரம் வரலைன்னா பேரை எடுத்துடுவா. டூட்டி முடிஞ்சு வர்ற வழியில அடிபட்டதுதான்னு போலீஸ் தானாவுல எழுதி வாங்கிண்டு வந்தா பேரை எடுக்காம விட்டுடறேன்னு சூப்பர்வைசர் சொல்றார். தானாவுல கேட்டா, இடிச்சவன் யாருன்னே தெரியாம நாங்க என்னன்னு எழுதறதுங்கறா. வீட்டு மாடிப்படியில விழுந்துட்டு வந்து சொல்றேனோன்னு அவாளுக்குச் சந்தேகம்."

மாரியப்பன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டான். ஓடிப்போனதோடு தன் பாவம் முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தான். தான் வாய் திறக்காத ஒவ்வொரு நாளும் அது வளர்ந்துகொண்டே வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு நாள் கடையில் சில்லறையைத் தப்புத்தப்பாகக் கொடுத்தான். மூன்றாம் நாள், நல்ல விளக்கு ஒன்று மாட்டிக்கொண்டால் மனசு கொஞ்சம் ஆறும் என்று தோன்றவே, நிமாய்பாபுவின் சைக்கிள் கடைக்குப் போனான்.

நிமாய்பாபு சைக்கிள் விளக்குகளைப் பற்றிப் பேசுவதற்கென்றே பிறந்த மனிதர். மூன்று விளக்கை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது மண்ணெண்ணெய் விளக்கு. எங்க அப்பா காலத்துச் சாமான். பள்ளத்துல ஏறி இறங்கினா அணைஞ்சுடும். நம்ம ரோட்ல பள்ளத்துக்குப் பஞ்சமா? இது டைனமோ. மிதிக்க மிதிக்க வெளிச்சம், செலவே கிடையாது. எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. இது பேட்டரி. கட்டையை மாத்திக்கிட்டே இருக்கணும், மாத்த மறந்தா உள்ளேயே கசிஞ்சு கெடுத்துடும்."

"நின்னா எது எரியும் பாபு?"

"நின்னாலா? டைனமோ சக்கரம் நின்ன உடனே அணைஞ்சுடும். பேட்டரி எரியும். நீ போறதுக்குத்தானே விளக்கு கேக்கறே?"

"நின்னாலும் எரியணும். நான் நிக்கறது ஜனங்களுக்குத் தெரியணும்."

நிமாய்பாபு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பேட்டரி விளக்கை மாட்டி, பின்பக்கத்துக்குச் சிவப்புக் கண்ணாடி ஒன்றையும் சேர்த்து முடுக்கிக் கொடுத்தார். கழற்றிய பழைய விளக்கை மாரியப்பன் பையில் போட்டுக்கொண்டான். புது விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் அவன் நினைத்ததுபோல மனசு ஆறவில்லை. இரண்டு தெரு போனதும், லேக் மார்க்கெட் பக்கம் போகாமல் நேராகப் பாகீரதி வீட்டு வாசலுக்குப் போய் இறங்கினான்.

பாப்பா உள்ளே மாவரைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னான்.

"ஆப்பரேட்டரம்மா, அன்னிக்கு ஒங்கள இடிச்சது நாந்தான். பயந்து ஓடிட்டேன்."

உள்ளே ஆட்டுக்கல் நின்றது.

"தெரியும்" என்றாள் பாகீரதி.

"தெரியுமா?"

"கீழே விழுந்து கிடக்கறச்சே காப்பிப்பொடி வாசனை வந்தது மாரியப்பன். இந்த ஊர்ல ஏழு மணிக்குச் சைக்கிள்ல காப்பியோட போறது வேற யாரு?"

"அப்ப ஏன் தானாவுல சொல்லல?"

"முதல் நாள் சொல்லத்தான் கிளம்பினேன். அதுக்குள்ள உங்க ஆத்துக்காரி வந்து நின்னுட்டா. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவ திட்டறதைக் கேட்டதுமே புரிஞ்சுது. அவ கையால மாவை வாங்கிண்டு அவ புருஷனை எப்படிப் பிடிச்சுக் கொடுக்கறது? நீங்களே வருவேள்னு பார்த்தேன். சனிக்கிழமை வந்தேள், பொடியை வெச்சுட்டுப் போயிட்டேள். அன்னிக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. இருட்டுல இடிச்சுட்டேள், சரி. இருட்டுமேல பழி போட்டுடலாம். வெளிச்சத்துல வந்து வாயை மூடிண்டு போனதுக்கு யார்மேல பழி போடறது?"

மாரியப்பன் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பாப்பா மாவுக்கையோடு வாசல்படியில் வந்து நின்றாள். அவனைத் திட்டவில்லை. "தானாவுக்குப் போங்க. நானும் வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

தானாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அதே தெருமுனைக் கான்ஸ்டபிள். மாரியப்பன் தனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். விட்ட இடத்தைப் பாகீரதி சேர்த்தாள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பேனாவைத் திறந்தார். விளக்கு இல்லாமல் ஓட்டி ஆளை இடித்தது என்றால் கேஸ் ஆகும், சைக்கிளையும் பிடித்து வைக்க வேண்டியிருக்கும், யோசித்துச் சொல் என்று எச்சரித்துவிட்டு, விளக்கு இருந்ததா என்று கேட்டார்.

கான்ஸ்டபிளுக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. "இருக்குமே சார். நல்ல விளக்கு, தினமும் நானே பார்க்கறேன். அன்னிக்குப் பார்த்துப் பல்பு போயிருக்கும். அப்படித்தானே?" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று வருஷமாகப் பழகிய வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சைக்கிள் போனால் வீடு வீடாகப் பொடி போகாது, பத்து வருஷத்து நல்ல பெயர் போய்விடும். மாரியப்பன் பாகீரதியின் மாவுக்கட்டைப் பார்த்தான். பையிலிருந்து பழைய விளக்கை எடுத்து மேஜைமேல் வைத்து, கண்ணாடியைத் திருகித் திறந்தான். உள்ளே தூசிதான் இருந்தது.

"இதுல பல்பே கெடையாது. நான் மாட்டவே இல்ல" என்றான்.

"அப்புறம் இதை எதுக்கு வெச்சுக்கிட்டுச் சுத்தினே?" என்றார் அதிகாரி.

"ஒங்களுக்குக் காட்டத்தான் பாபு. போலீஸ் கண்ணுக்குத் தப்பிச்சாப் போதும்னு நெனச்சேன். சட்டம் ஒங்களுக்காகப் போட்டதில்ல, எதுத்தாப்புல நடந்து வர்ற மனுஷங்களுக்காகப் போட்டதுன்னு இந்தம்மா கையை ஒடிச்ச பொறவுதான் எனக்கு வெளங்குது. எழுதிக்கிடுங்க."