காமு மாமியின் ஒரு சாண்

விஜயதசமிக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு, பவானிபூர் வீட்டில், காமுவின் கால்கள் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பின, பிறகு இறங்கவில்லை. அந்த வாரம் உருளைக்கிழங்கும் விலை ஏறியிருந்தது. தெரு அதைத்தான் அதிகம் பேசியது. காமுவை வங்காளியில் மாஷிமா, அதாவது மாமி, என்று கூப்பிடும் மீன்காரர், மாஷிமாவின் புடவை இனி மழைத்தண்ணீரில் நனையாது என்றதோடு விட்டுவிட்டார். காமு சுவரைத் தள்ளித் தள்ளிப் போய்ப் பால் வாங்கினாள். முட்டிவலி போய்விட்டதால் அவளுக்குக் குறை எதுவும் இல்லை.

எதிர்வீட்டு மாதங்கிக்கு இருந்தது. அவள் ஒரு தமிழ் வார இதழில் விண்வெளியையும் உடல்நலத்தையும் பற்றி எழுதுகிறவள். எதை எழுதினாலும் முதலில் காமுவுக்குப் படித்துக் காட்டுவாள். காமு நெற்றியைச் சுருக்கும் வரியை அடித்துவிடுவாள். விண்வெளியில் மிதப்பவர்களின் எலும்பு மெலிவது அவளுக்குத் தெரியும். பொங்கலுக்குள் காமுவின் இடுப்பெலும்பும் மெலிந்துவிட்டதாக ஸ்கேன் சொன்னது. வலிக்காத எலும்புக்கு என்ன வைத்தியம் என்று காமு டாக்டரைத் திருப்பி அனுப்பினாள்.

மாதங்கி காமுவுக்காகவே ஒரு கட்டுரை எழுதினாள். எலும்பின் அடர்த்தி என்று ஆரம்பித்தாள். காமு கொட்டாவி விட்டாள். கால்சியம் என்று ஆரம்பித்தாள்.

"மாத்திரை விளம்பரமாடி?"

மாதங்கி அதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினாள். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. வேறு எதுவும் எழுதவில்லை. இதழாசிரியர் போனில் கேட்டபோது, ஒரு வாசகிக்கு இன்னும் புரியவில்லை என்றாள்.

சித்திரையில் தாளை வைத்துவிட்டு வெறுங்கையோடு போனாள். காமு ஓய்வுபெற்ற பேங்க் குமாஸ்தா.

"மாமி, கூட்டமே வராத கிளையை பேங்க் என்ன பண்ணும்?"

"மூடிடும். எங்க கிளையையே மூடினா. நாற்காலியைக்கூட விடல."

"உங்க காலுக்கு வேலையே வரல. உடம்பு எலும்பை மூடிண்டிருக்கு."

காமு நெற்றியைச் சுருக்கவில்லை. தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரையில் இரண்டு வளையங்கள் பதித்தார்கள். சைக்கிள் டியூபால் இடுப்பைக் கீழே இழுத்துக் கட்டினால் பாதம் தரையில் அழுந்தியது, அவிழ்த்தால் எழும்பியது. காமு தினமும் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடந்தாள். கெண்டைக்கால் வலித்தபோது மாதங்கியைத் திட்டினாள்; நிறுத்தவில்லை. வருஷம் திரும்பியது. எலும்பு மெலிவது நின்றுவிட்டது. ஒரு சாண் அப்படியே இருந்தது. பூஜைப் பந்தலுக்குத் தோரணம் கட்ட அவளைக் கூப்பிடுகிறார்கள்.

ஒருநாள் வியர்த்து நடந்துகொண்டே காமு கேட்டாள்:

"என்னைக் கீழே பிடிச்சு வைக்க இவ்வளவு பாடு. ஏண்டி, இத்தனை வருஷம் பூமி இதைத் தனியாவா பண்ணிண்டிருந்தது?"