மூன்று புட்டிகளின் உயரம்

கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். நீள மேசையின் தலைமாட்டில் அருங்காட்சியகத் தலைவர். அவருக்கு வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, தவளை நிபுணர். இடப்பக்கம் குறிப்பெழுதும் உதவியாளர். அலமாரியை ஒட்டிப் போட்ட நாற்காலியில், மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளி, நான். கதவருகே முக்காலியில் மலைக் காவலர். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. முக்காலியை வராந்தாவிலிருந்து அவரே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

நிபுணரின் தாள்கள் பறக்காமலிருக்க, அவற்றின் மேல் மூன்று கண்ணாடிப் புட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. அறுபது வருடத்துக்கு முன் பிடிக்கப்பட்ட தவளைகள் அவற்றுக்குள் இருந்தன. பதப்படுத்திய உயிர்கள் இருக்கும் அறைக்கு இருபத்தாறு வருடமாக நான்தான் பொறுப்பு. அந்தப் புட்டிகளை இரண்டு கையாலும் ஏந்தி எடுப்பதுதான் எனக்குப் பழக்கம். அவருக்கு அவை தாள் அழுத்தும் கல்.

பேச்சு ஒரு மலைத்தவளையைப் பற்றியது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். மேல் ஓடையின் ஈரப் பாசியில் முட்டையிடும். தலைப்பிரட்டையாகத் தண்ணீரில் நீந்துகிற வேலையெல்லாம் இல்லை, முட்டையை உடைத்துக்கொண்டு முழுத் தவளையாகவே வெளியே வரும். அது தனி இனம் என்று பட்டியலில் இருக்கும்வரை மேல் ஓடைப் பக்கம் கல் உடைக்க அனுமதி கிடையாது. அடிவாரத்துப் புதர்களில் கிடக்கும் சாதாரணத் தவளைதான் அதுவும் என்று முடிவானால், அடுத்த மாதமே வெடி வைத்துவிடுவார்கள். விண்ணப்பம் தயாராக இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"ஆயிரத்து எண்ணூறு மீட்டருக்கு மேலதான் இது இருக்குன்னு இத்தனை நாளா சொல்லிட்டு இருந்தோம்" என்றார் நிபுணர். "இந்த மூணு புட்டியும் என்ன சொல்லுது? அடிவார விடுதி, இருநூறு மீட்டர். புட்டியில ஒட்டின சீட்டுலயே இருக்கு. மேலயும் இருக்கு, கீழயும் இருக்குன்னா அதுக்குத் தனிப் பேரு எதுக்கு?"

"சார், பன்னண்டு வருஷமா அந்த ஓடையில நடக்கறேன்" என்றார் காவலர். "பாதி மலைக்குக் கீழ ஒரு நாள்கூட அது சத்தத்தைக் கேட்டதில்ல."

"நீங்க கேக்கலைன்னா இல்லைன்னு ஆயிடுமா?"

"அப்ப விடுதிக்கு எதுக்கு வந்துச்சாம்? ரூம் போட்டுத் தங்கவா?"

உதவியாளர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். நான் எழுந்தேன். அந்தக் காலத்தில் சேகரித்தவர்கள், பதப்படுத்தும் ஸ்பிரிட் கலனை மலைமேல் சுமந்து போக மாட்டார்கள். பிடித்ததை ஈரத் துணிப்பையில் கட்டி, உயிரோடு கீழே கொண்டுவந்து, தங்கிய இடத்தில்தான் புட்டியில் இடுவார்கள். ஸ்பிரிட் ஊற்றிய கையோடு சீட்டு எழுதுவது வழக்கம். அதனால் எந்த இடத்தில் ஊற்றினார்களோ அந்த இடமே சீட்டில் ஏறும். இதைச் சொல்லிவிட்டு, சேகரித்தவரின் நாட்குறிப்பை விரித்துப் படித்தேன்: "காலை ஏறினோம். மேல் ஓடைப் பாசியில் மூன்று. மாலை விடுதிக்கு வந்து புட்டியில் இட்டேன்." சீட்டில் இருந்த அதே தேதி.

நிபுணர் நாட்குறிப்பைத் தொடக்கூட இல்லை. "அந்த மூணுதான் இந்த மூணுன்னு நம்பர் போட்டிருக்கா?"

"இல்லை."

"சரி. கணினிப் பதிவேட்டுல 'பிடித்த இடம்'கிற கட்டத்துல அடிவார விடுதின்னு போட்டது யாரு?"

தாளைத் திருப்பிக் காட்டினார். கீழே என் கையெழுத்து.

பதினோரு வருடத்துக்கு முன், நாலாயிரம் சீட்டுகளை நான் ஒருத்தியாகக் கணினியில் ஏற்றினேன். இடத்துக்கென்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. ஊற்றிய இடத்துக்குத் தனிக் கட்டம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"அம்மா, நீங்களே எழுதிட்டு நீங்களே இல்லைன்னா எப்படி?" என்றார் தலைவர். "ஒரே இனம்னு அனுப்பிடலாம். ஆட்சேபம் இருக்கிறவங்க பட்டியல் குழுவுக்குப் பதினஞ்சு நாளுக்குள்ள எழுதட்டும்."

கூட்டம் முடிந்தது. வராந்தாவில் காவலர் முக்காலியை ஓங்கி வைத்தார். "என்னம்மா, இத்தனூண்டு கட்டத்துக்குள்ள மலையையே அடைச்சிட்டீங்களே!"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாளிலிருந்து மூன்று நாள் என் அறையை விட்டு நான் நகரவில்லை. அந்தச் சேகரிப்பாளரின் இருநூற்றுப் பன்னிரண்டு புட்டிகளையும் இறக்கிப் பார்த்தேன். அறுபத்தொன்றில் அடிவார விடுதி. அவற்றில் ஒன்றில், தவளைகளுக்கு மறுநாள் தேதியிட்டு, ஓர் ஓணான். உச்சிப் புல்வெளியைத் தவிர வேறெங்கும் வாழாத ஓணான். அது தனி இனம் என்று புத்தகம் எழுதியவர் வேறு யாருமில்லை, இதே நிபுணர். தன் ஓணானுக்கு விடுதிச் சீட்டை நம்பாதவர், தவளைக்கு மட்டும் அதை வேதவாக்காக்கிக்கொண்டார்!

மூன்றாம் நாள் மாலை வீட்டில், பட்டியல் குழுவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். துணி மடித்துக்கொண்டிருந்த என் கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

"ஓணான் விஷயம் ஒண்ணே போதுமே. கட்டத்துல தப்பா போட்டது நான்தான்னு எதுக்கு எழுதறே? 'பதிவில் பிழை நேர்ந்துள்ளது'ன்னு போட்டுட்டுப் போயேன்."

"பிழை தானா நடந்து வந்து உக்காந்துச்சாங்க?"

"உன் பதவி உயர்வு ஃபைல் தலைவர் மேசையில இருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எட்டு வருஷம் காத்திருந்தது. தவளை வந்து கையெழுத்துப் போடுமா அதுல?"

"யார் போட்டாங்கன்னு சொல்லாம விட்டா, பதிவேடு சரியாத்தான் இருக்குன்னு அவங்க ஒரே வரியில முடிச்சிடுவாங்க. போட்டவளே தப்புன்னு சொன்னாத்தான் அந்தப் பதிவை அடிக்க முடியும்."

அவர் ஒரே சட்டையை இரண்டு தரம் மடித்தார். "பிடிச்சா ஒரே பிடி" என்று முணுமுணுத்துக்கொண்டு விளக்கை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வரிசை எண் போட்டு எழுதினேன். முதலில் புட்டிகள், பிறகு நாட்குறிப்பு, பிறகு ஓணானும் அதைப் பற்றி நிபுணர் எழுதிய பக்கமும். நான்காவதாக: "பிடித்த இடம் என்ற கட்டத்தில், ஸ்பிரிட் ஊற்றிய இடத்தை எழுதியவள் நான். அது தவறு. அந்தத் தவறைச் சான்றாக வைத்து ஓர் இனத்தின் பெயரை அடிப்பதை நான் ஆட்சேபிக்கிறேன். நாட்குறிப்பு அலமாரியில் இருந்தும் அதைத் திறந்து பார்க்காதவர்களை இன்னும் கடுமையாக ஆட்சேபிக்கிறேன்." 'கடுமையாக' என்பதை ஒரு தரம் அடித்தேன். பிறகு அதன் மேலேயே மறுபடி எழுதினேன். முழுப் பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டேன். ஒரு நகல் தலைவருக்கு என்று கீழே குறித்தேன்.

காலையில் தபால் நிலையத்தில் முதல் ஆள் நான்தான். உறையின் பசையை நம்பாமல் ஒட்டுநாடாவும் ஒட்டியிருந்தேன்.

"உள்ள என்னங்க, இவ்வளவு கனம்?" என்றார் தபால் நிலைய ஊழியர்.

"கடிதம்தாங்க. பதிவுத் தபால்ல போகணும்."

அவர் எடை பார்த்தார், முத்திரையை ஓங்கிக் குத்தினார், உறையைப் பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டார்.